ஒரு கட்டை இறங்கிய சுருதி: லெட் செப்பலினின் லண்டன் கச்சேரிப் படத்தை ரசிகர்கள் ஏன் ஒரே காதால் கேட்பதில்லை

2007 டிசம்பர் 10 இரவு, லண்டன் ஓ2 அரங்கில் லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசித்தது. அதன் பிறகு அந்தப் பெயரில் முழுக் கச்சேரி எதுவும் நடக்கவில்லை. அன்று எடுத்த படம் ஏறத்தாழ ஐந்து வருடம் பெட்டிக்குள் கிடந்தது. 2012 அக்டோபரில் 'செலிபிரேஷன் டே' என்ற பெயரில் திரையரங்குகளுக்கு வந்தது, நவம்பரில் டிவிடி, புளூ-ரே, சிடி என்று கடைக்கு வந்தது. 2014 ஜனவரியில் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருதையும் வாங்கியது.

விருது வந்தும் வழக்கு ஓயவில்லை. பாடகர் ராபர்ட் பிளாண்டின் குரல் போய்விட்டது என்பது ஒரு கட்சி. ஐம்பத்தொன்பது வயதில் இதைவிட யார் பாடிவிடுவார்கள் என்பது எதிர்க்கட்சி. குரல் கிடக்கட்டும், டிரம்ஸ் சத்தத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று மூன்றாவது கூட்டம். கிதார் கற்றவர்கள், ஜிம்மி பேஜின் விரல் தெரிய வேண்டிய நேரத்தில் கேமரா எங்கேயோ பார்க்கிறது என்பார்கள். இவர்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள். ஆனால் ஒருவர் மேடையில் நடந்ததைப் பேசுகிறார், ஒருவர் ஒலிக்கூடத்தில் கலந்ததைப் பேசுகிறார், இன்னொருவர் எடிட்டிங் அறையில் வெட்டியதைப் பேசுகிறார். போதாததற்கு ஆளுக்கொரு பழைய பதிவை மனதில் வைத்துக்கொண்டு அளக்கிறார்கள். இதைப் பிரித்து வைத்தால் சண்டையில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

பழைய பதிவுகளிலிருந்து தொடங்கலாம். டிரம்மர் ஜான் பான்ஹம் 1980 செப்டம்பர் 25 அன்று இறந்ததும் குழு கலைந்தது. பிறகு 1985 ஜூலை 13, ஃபிலடெல்ஃபியாவில் லைவ் எய்ட் என்ற பஞ்ச நிவாரணக் கச்சேரி மேடையில் மிஞ்சிய மூவரும் (பிளாண்ட், பேஜ், பேஸும் கீபோர்டும் வாசிக்கும் ஜான் பால் ஜோன்ஸ்) ஏறினார்கள். பில் காலின்ஸும் டோனி தாம்ஸனும் டிரம்ஸ். ஒத்திகை போதவில்லை, பிளாண்டின் தொண்டை கட்டியிருந்தது, பேஜின் கிதார் சுருதி சேரவில்லை. 2004-ல் லைவ் எய்ட் டிவிடி வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்கக் குழுவே சம்மதிக்கவில்லை. 1988 மே 14 அன்று, தங்கள் இசைத்தட்டுகளை வெளியிட்ட அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் நாற்பதாம் ஆண்டு விழாவுக்காக நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் மறுபடி சேர்ந்தார்கள். இந்த முறை டிரம்ஸில் பான்ஹமின் மகன் ஜேஸன். தொலைக்காட்சிக்குப் போன ஒலியில் ஜான் பால் ஜோன்ஸின் கீபோர்டு கிட்டத்தட்ட காணாமல் போனது. கீபோர்டு இல்லாத 'காஷ்மீர்' என்றால் தாளம் கேட்கும், பாட்டு கேட்காது.

ஆக 2007-க்கு முன் இரண்டு முறை சறுக்கியாகிவிட்டது. அட்லாண்டிக் நிறுவனர் ஆமெட் எர்டகன் 2006 டிசம்பரில் இறந்தார், அவர் நினைவாகத்தான் இந்தக் கச்சேரி. முதலில் நவம்பர் 26 என்று நாள் குறித்தார்கள். பேஜின் விரல் எலும்பு முறிந்ததால் இரண்டு வாரம் தள்ளிப்போனது. டிக்கெட் 125 பவுண்டு, குலுக்கல் முறையில்தான் கிடைத்தது. 2 கோடி கோரிக்கைகள் வந்ததாகக் கின்னஸ் பதிவு சொல்கிறது. அரங்கில் இடமோ இருபதாயிரத்துக்குள். ஆக, டிக்கெட் கேட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தக் கச்சேரி என்பது படம் மட்டும்தான். படத்தின் மேல் இவ்வளவு பாரம் ஏறியதற்கு இது முதல் காரணம்.

லைவ் எய்ட் நினைவோடு உட்கார்ந்தவருக்கு முதல் பாட்டிலேயே மூச்சு வந்திருக்கும். குழு ஒத்திகை பார்த்து, சுருதி சேர்த்து, ஒன்றாக நின்று வாசிக்கிறது. ஆனால் 1970 ஜனவரி ராயல் ஆல்பர்ட் ஹால் பதிவையோ 1975 மே ஏர்ல்ஸ் கோர்ட் பதிவையோ (இரண்டும் 2003-ல் வந்த டிவிடி தொகுப்பில் உள்ளன) தேய்த்துத் தேய்த்துப் பார்த்தவருக்கு இதே முதல் பாட்டு வேறு மாதிரி விழும். அங்கே பிளாண்டுக்கு முறையே இருபத்தொன்று, இருபத்தாறு வயது.

குரல் என்ன ஆனது

குரல் பற்றிய வாதத்தில் பலரும் தவறவிடும் ஒன்று: பிளாண்டின் குரல் 2007-ல் திடீரென்று மாறியது அல்ல. 1973 ஜூலையில் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் எடுத்து 1976-ல் வெளியிட்ட படத்திலேயே, 'ராக் அண்ட் ரோல்' பாட்டின் சரணங்களை இசைத்தட்டில் இருப்பதுபோல் உச்சியில் பாடாமல் கீழே வளைத்துப் பாடுகிறார். அப்போது அவருக்கு இருபத்தைந்துகூட ஆகவில்லை. ஊர் ஊராக, இரவுக்கு இரண்டரை மூன்று மணி நேரம், பெரிய ஒலிபெருக்கிகளுக்கு எதிரே நின்று கத்திப் பாடிய குரல் அது. "இளமையில் அப்படியே பாடினார், முதுமையில் முடியவில்லை" என்ற கணக்கு இங்கே செல்லாது. மெட்டை வளைத்துப் பாடும் பழக்கம் 2007-க்கு முப்பத்துநாலு வருடம் மூத்தது.

2007-ல் புதிதாகச் செய்தது சுருதியை இறக்கியது. பல பாடல்களை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ கீழே கொண்டுவந்தார்கள். 'ஸ்டெயர்வே டு ஹெவன்' இசைத்தட்டில் ஏ மைனர், ஓ2-வில் ஜி மைனர். நம் கச்சேரிக் கணக்கில் சொன்னால் ஆறு கட்டையில் இருந்த பாட்டு ஐந்து கட்டைக்கு வந்தது. நம் ஊரில் வித்வான்கள் வயதானால் சுருதியைக் குறைத்துக்கொள்வது வழக்கம், அதை யாரும் குற்றமாக எழுதுவதில்லை. பாட்டு அங்கே சுருதியோடு கட்டப்பட்டதல்ல, ராகத்தோடு கட்டப்பட்டது. ராக் இசையில் அப்படி இல்லை. இசைத்தட்டுதான் மூலப் பிரதி. அதன் சுருதி காதில் உறைந்துவிடுகிறது. ஆயிரம் தடவை கேட்டவனுக்கு, எந்தச் சுரம் என்று பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும், முதல் கிதார் வரியிலேயே ஏதோ இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இறக்கினால் பாடகருக்கு என்ன லாபம்? நடு ஏ சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு. ஒரு கட்டை இறக்கினால் 392. குரல் நாண்கள் நொடிக்கு 48 முறை குறைவாக அடித்தால் போதும். எண் சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஆண் குரலில் மார்புக் குரலிலிருந்து தலைக் குரலுக்குத் தாண்டும் இடம் ஏறத்தாழ இந்தச் சுரத்துக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது. அந்தப் படியைத் தாண்டாமல் ஒரு வரியை முடிப்பதும், தாண்டி முடிப்பதும் வேறு வேறு உழைப்பு. வயதாகும்போது குரல்வளைக் குருத்தெலும்பு கெட்டியாகிறது, குரல் நாண் தசை மெலிகிறது, ஒரே மூச்சில் தள்ளும் காற்றின் அளவும் குறைகிறது. உச்ச சுரங்கள் முதலில் போகும். நடுப்பகுதி பெரும்பாலும் தங்கும், சிலருக்கு அங்கே முன்பில்லாத கனமும் வரும். பிளாண்டுக்கு அப்படி வந்தது என்றே சொல்ல வேண்டும். 'இன் மை டைம் ஆஃப் டையிங்' கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டில் அவர் எங்கும் உச்சிக்குத் தாவி விழவில்லை. அடிக் குரலில் முனகுகிறார், கெஞ்சுகிறார். எழுபதுகளின் பதிவைவிட இது அந்தப் பழைய மன்றாட்டுப் பாட்டுக்குப் பொருந்துகிறது என்பது என் முடிவு.

குழுவுக்கு இது இலவசம் அல்ல. கிதார் கம்பியின் இழுவிசை, அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். ஒரு கட்டை இறக்கினால் இழுவிசை ஏறத்தாழ 21 சதவீதம் குறைகிறது, அரைக் கட்டைக்கு 11 சதவீதம். கம்பி தொய்ந்தால் ஃபிரெட்டில் (கழுத்தில் பதித்த உலோக மேடு) உரசி இரையும். இடக்கை கொஞ்சம் அழுத்தினாலே சுரம் மேலே விலகும். இதைச் சரிக்கட்ட வேண்டுமானால், 0.010 அங்குலக் கம்பி இருந்த இடத்தில் 0.011-ஐப் போட்டு, கழுத்தின் வளைவையும் கம்பிகளைத் தாங்கும் பாலத்தையும் மறுபடி சரிசெய்து, அந்தச் சுருதிக்கென்றே தனி கிதார் ஒதுக்க வேண்டும். கீபோர்டுக்காரருக்கு ஒரு பொத்தான் போதும். கிதாரின் குணமும் மாறுகிறது, தளர்ந்த கம்பியில் அடி கொஞ்சம் குழைந்து, இருண்டு ஒலிக்கும். ஓ2 பதிவில் கிதார் 'கனமாக' இருக்கிறது என்று மெச்சுகிறவர்களும், 'மந்தமாக' இருக்கிறது என்று குறை சொல்கிறவர்களும் இந்த ஒன்றையே கேட்கிறார்கள்.

பாட்டு வரிசையும் குரலைக் காக்கும்படிதான் போடப்பட்டிருக்கிறது. 1973-லும் 1975-லும் கச்சேரி தொடங்கும் பாட்டாக இருந்த 'ராக் அண்ட் ரோல்' இங்கே கடைசிக்குப் போய்விட்டது. தொண்டை சூடேறிய பிறகு, நாளைக்கு மிச்சம் வைக்கத் தேவையில்லாத இடத்தில். தொடக்கம் முதல் முடிவு வரை கூக்குரலால் ஆன 'இமிக்ரன்ட் சாங்' பதினாறு பாட்டில் சேரவே இல்லை. இதைத் தந்திரம் என்று சிலர் ஏளனமாகச் சொல்வார்கள். மேடை ஏறும் எவரும் செய்யும் கணக்கு இது.

குறை இல்லையா? இருக்கிறது. 'ஸ்டெயர்வே' அந்தப் படத்தில் விறைப்பாக இருக்கிறது. பிளாண்டுக்கு அந்தப் பாட்டின் மேல் பெரிய காதல் இல்லை என்பது ஊரறிந்தது. கடமைக்குப் பாடி முடித்து, "ஹே ஆமெட், செய்துவிட்டோம்!" என்று மேலே பார்த்துச் சொல்லும் அந்த ஒரு நொடி பாட்டைவிட உயிரோடு இருக்கிறது. 'தி சாங் ரிமெய்ன்ஸ் தி ஸேம்' இறக்கிய சுருதியிலும் அவருக்கு உயரம்தான். அங்கே குரல் இறுகுவது தெரிகிறது, வெட்டி மறைக்கவும் இல்லை.

கலவையில் நடந்தது

மேடையில் ஒவ்வொரு மைக்கிலிருந்தும் வரும் ஒலி மூன்றாகப் பிரியும். ஒன்று அரங்கின் பெரிய ஒலிபெருக்கிக்கு, ஒன்று மேடையில் இருப்பவர்கள் கேட்கும் மானிட்டருக்கு, மூன்றாவது பதிவுக்கு. பதிவில் ஒவ்வொரு மைக்கும் தனித்தனி டிராக்காகச் சேமிக்கப்படும். டிரம்ஸுக்கு மட்டும் பத்துக்கு மேல் மைக் வைப்பது சாதாரணம். கூட்டத்தின் சத்தத்துக்கு மேடை விளிம்பிலும் அரங்கின் நடுவிலும் பின்புறமும் தனி மைக்குகள். ஆக அன்றிரவு அரங்கில் யாருமே கேட்காத ஒன்றுதான் படத்தில் நாம் கேட்பது. ஐம்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்தவரை ஒலி கிட்டத்தட்ட 0.15 நொடி தாமதமாக, கூரையிலும் சுவரிலும் மோதிக் கலங்கித்தான் எட்டும். நேரில் பார்த்தவர் "அன்று இப்படி இல்லை" என்று சொன்னால் அது உண்மை. படம் பொய் என்று அதற்கு அர்த்தமில்லை.

படத்தின் ஒலிக்கலவை ஆலன் மோல்டருடையது, தயாரிப்புப் பொறுப்பு பேஜ். மோல்டர் தொண்ணூறுகளின் மாற்று ராக் இசையில் பெயர் எடுத்தவர். அவர் பாணியில் டிரம்ஸ் முகத்துக்கு நேரே வந்து நிற்கும், அடி ஒவ்வொன்றும் பிரிந்து கெட்டியாக விழும். இங்கேதான் மூன்றாவது கட்சிக்குக் கோபம். ஜான் பான்ஹமின் புகழ்பெற்ற சத்தம் தூரத்தில் உருவானது. 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டுக்கு ஹெட்லி கிரேஞ்ச் மாளிகையின் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படிக்கு மேலே இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். அறையே வாத்தியமாக ஒலித்தது. இருபதாயிரம் பேர் கத்தும் அரங்கில் அந்த உத்தி பலிக்காது. எட்டத்தில் வைத்த மைக்கில் கூட்டமும் ஒலிபெருக்கியும் கிதாரும் புகுந்துவிடும். டிரம்ஸ் தோலுக்கு ஓரிரு அங்குலம் தள்ளி மைக் வைப்பதைத் தவிர வழி இல்லை. அதன் விளைவு: அடி தெரியும், அறை தெரியாது. ஜேஸன் நன்றாகத்தான் அடித்தார், இன்னும் சொன்னால் அந்த இரவைத் தாங்கியவரே அவர்தான். அப்பாவின் சத்தம் வரவில்லை என்ற புகார் கைக்கு எதிரான புகார் அல்ல, மைக் இருந்த தூரத்துக்கு எதிரான புகார்.

அடுத்தது, பிறகு தொட்டுச் சரிசெய்தார்களா என்ற தீராத சந்தேகம். கச்சேரி முடிந்த கையோடு ரசிகர்கள் ஒளித்து எடுத்த பதிவுகள் பரவிவிட்டன. ஐந்து வருடம் அவற்றைக் கேட்டுப் பழகியவர்கள், அதிகாரப்பூர்வப் படம் வந்ததும் இரண்டையும் அருகருகே வைத்துச் சுரம் சுரமாக ஒப்பிட்டார்கள். ராக் இசையில் 'லைவ்' என்று அட்டையில் போட்டுவிட்டு ஸ்டுடியோவில் ஒட்டுப்போடுவது பழைய பழக்கம். சந்தேகப்படுவதில் தவறில்லை. ஆனால் எதை எளிதாக மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்று தெரிந்துகொண்டு சந்தேகப்படுவது நல்லது.

பாடகரின் மைக்கில் குரல் மட்டும் பதிவாவதில்லை. பின்னால் இருக்கும் டிரம்ஸ், முக்கியமாகச் சிம்பல் என்ற உலோகத் தட்டு, அதில் கசியும். குரலை நீக்கிப் புதிதாகப் பாடி வைத்தால் அந்தக் கசிவும் சேர்ந்து போய்விடும், அந்த இடத்தில் மட்டும் சிம்பலின் பளபளப்பு மங்கும். மென்பொருளால் சுருதியைத் திருத்தினால் குரலோடு கசிந்த சிம்பலும் சேர்ந்து வளைந்து, நீருக்குள் கேட்பதுபோல் நெளியும். ஹெட்ஃபோனில் குரல் வரி முடியும் இடங்களைக் கவனித்தால் இது பிடிபடும். கிதார் வேறு. ஆம்ப்ளிஃபையரின் வாயில் ஒட்டினாற்போல் மைக் இருப்பதால் கசிவு குறைவு. ஒரு தவறான சுரத்தை எடுத்துவிட்டு அதே பாட்டின் இன்னொரு இடத்திலிருந்து நல்ல சுரத்தை நகர்த்தி வைத்தால், காதால் மட்டும் கண்டுபிடிப்பது கடினம். விரலும் ஒலியும் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் ஒரே வழி. திருத்தப்பட்ட இடத்தில் கேமரா விரலைக் காட்டாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கேமரா விரலைக் காட்டாத இடமெல்லாம் திருத்தம் என்று தலைகீழாக முடிவு கட்டுகிறவர்களும் உண்டு, அது தவறு.

ஓ2 பதிவில் திருத்துவோரின் கையைக் கட்டிய பெரிய விஷயம், அது ஒரே இரவு. 1973 படத்துக்கு மூன்று இரவுகள் கிடைத்தன: ஜூலை 27, 28, 29. ஒரு நாள் கெட்டதை மறுநாளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அப்படி இருந்தும் படம் கோர்வையாக அமையாமல், 1974-ல் லண்டனுக்கு அருகே ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் மேடையைத் திரும்பக் கட்டி, பழைய ஒலிக்கு வாயசைத்து நடித்தார்கள். ஜான் பால் ஜோன்ஸ் அதற்குள் முடியை வெட்டிவிட்டதால் டோப்பா வைத்துக்கொண்டார், இன்று பார்த்தாலும் தெரிகிறது. பழைய படம் 'உண்மையான லைவ்', புதிய படம் 'மெருகேற்றியது' என்று சொல்கிறவர்களிடம் அந்த டோப்பாவை ஒருமுறை பார்க்கச் சொல்லலாம்.

வெட்டியவர் கை

இயக்குநர் டிக் கரூதர்ஸ். 2003 டிவிடி தொகுப்பிலும் பேஜோடு வேலை செய்தவர், ஆகவே இந்தக் குழுவின் பழைய படச்சுருள்களை அவரைவிட அதிகம் புரட்டியவர்கள் குறைவு. படத்தின் தொடக்கத்திலேயே அந்தப் பழக்கம் தெரிகிறது. 1973 மே மாதம் ஃபுளோரிடாவின் டாம்பா அரங்கில் 56,800 பேர் கூடி பீட்டில்ஸின் கூட்டக் கணக்கை முறியடித்த தொலைக்காட்சிச் செய்தி மேடைத் திரையில் ஓடுகிறது, முடிந்ததும் முதல் அடி. நடுநடுவே பழைய வீட்டுக் கேமராக்களின் சூப்பர் 8 சுருளில் எடுத்ததுபோல் துகள் பறக்கும் காட்சிகளையும் செருகியிருக்கிறார். பழைய ரசிகனின் நினைவை உரசிப் பார்க்கும் வேலை அது. ஒன்றிரண்டு இடத்தில் அழகாக இருக்கிறது, மற்ற இடங்களில் தெளிவான காட்சியைப் பறித்துக்கொண்டது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

கச்சேரிப் படத்தில் வெட்டின் வேகம் யாருக்காக என்பதே கேள்வி. பொதுப் பார்வையாளருக்கு முகம், கூட்டம், ஒளி மாறிக்கொண்டே இருந்தால் அலுப்பு வராது. வாசிக்கத் தெரிந்தவருக்கு ஒரே கோணம் முப்பது நொடி நின்றால்தான் எதையாவது கற்க முடியும்: எந்த ஃபிரெட், எந்த விரல், இரட்டைக் கழுத்து கிதாரில் மேலிருந்து கீழ்க் கழுத்துக்கு எப்போது மாறுகிறார். 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' பாட்டில் பச்சை லேசர் கூம்புக்குள் நின்று பேஜ் வயலின் வில்லால் கிதாரை இழைக்கும் இடத்தில் படம் பொறுமையாக நிற்கிறது, இரு சாராரும் அங்கே சமாதானமாகிறார்கள். 'பிளாக் டாக்' போன்ற பாட்டில் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் வரி) இரண்டு சுற்று முடிவதற்குள் கேமரா பல முறை இடம் மாறிவிடுகிறது. அந்தப் பாட்டின் சிக்கலே டிரம்ஸ் ஒரு கணக்கிலும் கிதார் வேறு கணக்கிலும் போய்ப் பிறகு சேர்வதுதான். பிளாண்ட், பேஜ், ஜோன்ஸ், ஜேஸன் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அதைப் பிடிப்பதை ஒரே அகலக் காட்சியில் காட்டியிருந்தால் புரிந்திருக்கும். பெரிய மேடையிலும் நால்வரும் டிரம்ஸுக்கு அருகே ஒதுங்கி நெருக்கமாக நின்று வாசித்தார்கள். அந்த நெருக்கத்தைப் படம் பல இடங்களில் பிடிக்கிறது, அதற்காக வேகத்தை மன்னிக்கலாம்.

வீட்டில் கேட்கும் முறை

மீதிப் புகார்களில் பல, கேட்பவரின் கருவியிலிருந்து வருகின்றன. "குரல் அமுங்கிக் கிடக்கிறது" என்பது அடிக்கடி கேட்கும் குறை. புளூ-ரேயில் இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோ, சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் 5.1 என்று இரண்டு ஒலித்தடங்கள் உண்டு. 5.1 கலவைகளில் பாடகரின் குரல் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் தங்கும். உங்கள் வீட்டில் இரண்டே ஸ்பீக்கர் இருந்து, கருவி அந்த நடுத் தடத்தை இரு பக்கமும் சரியாகப் பிரித்துக் கொடுக்காவிட்டால் குரல் தேய்ந்துபோகும். டிவியோடு வந்த ஸ்பீக்கர், மலிவான சவுண்ட்பார், ஹெட்ஃபோன், எதுவானாலும் மெனுவில் ஸ்டீரியோ தடத்தைத் தேர்ந்தெடுங்கள். சவுண்ட்பாரில் 'சரவுண்ட்', 'ஸ்டேடியம்' போன்ற பாவனைகளை அணைத்துவிடுங்கள். அரங்கின் எதிரொலி பதிவிலேயே இருக்கிறது, அதற்கு மேல் இன்னொரு செயற்கை அரங்கைச் சேர்த்தால் ஜோன்ஸின் பேஸ் கூழாகிவிடும்.

பழைய பதிவோடு ஒப்பிடும்போது சத்த அளவைச் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே காதுக்கு 'நல்ல பதிவு' என்று தோன்றும். 1970 பதிவு மெல்லியது, 2012 கலவை நெருக்கி உரக்க வைத்தது. அப்படியே மாற்றி மாற்றிக் கேட்டால் முதலில் புதியது ஜெயிக்கும், அரை மணி நேரத்தில் காது களைத்துப் பழையது ஜெயிக்கும். இரண்டு தீர்ப்பும் செல்லாது. வாயசைவும் ஒலியும் விலகினால், எழுந்து போய்க் கருவியின் ஒலித் தாமதத்தைச் சரிசெய்யுங்கள். ஒலி படத்துக்கு 45 மில்லிநொடி முந்தினாலே கண்ணுக்குத் தெரியத் தொடங்கும், பிந்தினால் 125 வரை பெரும்பாலோர் கவனிப்பதில்லை. "பிளாண்ட் வாயசைத்துப் பாடினார்" என்ற சில குற்றச்சாட்டுகள் இந்தத் தாமதத்தைத் தவிர வேறில்லை. டிவியில் அசைவை மென்மையாக்கும் வசதியையும் அணைத்துவிட்டால், மேடை நாடகப் படப்பிடிப்பு போலத் தோன்றும் அந்த வழவழப்பு போகும்.

பிறகு படத்துக்கு வெளியே ஒரு மனக்கசப்பும் கலந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுதாகாது. கச்சேரிக்கு ஏழு வாரம் முன்பு, 2007 அக்டோபரில், பிளாண்டும் அமெரிக்கப் பாடகி அலிஸன் க்ராஸும் சேர்ந்து பாடிய 'ரெய்ஸிங் ஸாண்ட்' ஆல்பம் வந்தது. அதில் அவர் குரலைத் தாழ்த்தி, காற்றோடு கலந்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடுகிறார். 2009-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி அதற்கே போனது. ஓ2-வுக்குப் பிறகு உலகச் சுற்றுப்பயணம் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு அவர் வரவில்லை. க்ராஸோடு போனார். "முடியாததால் போனார்" என்று படத்தை ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. "முடிந்தும் போனார்" என்று அதே படத்தைக் காட்டுகிறவர்களும் உண்டு. 'சின்ஸ் ஐ'வ் பீன் லவிங் யூ' கேட்டவர் இரண்டாவது பக்கம் சாய்வார் என்று நினைக்கிறேன்.

இத்தனை வழக்குக்கு நடுவே யாரும் சண்டை போடாத ஒரு பாட்டு அந்தப் பதினாறில் இருக்கிறது. 1976-ல் வந்த 'பிரஸன்ஸ்' ஆல்பத்தின் 'ஃபார் யுவர் லைஃப்'. குழு உயிரோடிருந்த காலத்தில் அதை ஒருமுறைகூட மேடையில் வாசித்ததில்லை, ஓ2-தான் முதல் தடவை. 'ராம்பிள் ஆன்' பாட்டும் கிட்டத்தட்ட அப்படியே, முழுதாக மேடையேறியது அன்றுதான். இரண்டுக்கும் ஏர்ல்ஸ் கோர்ட் இல்லை, ஆல்பர்ட் ஹால் இல்லை, மனதில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க இருபத்தாறு வயதுப் பிளாண்ட் இல்லை. குரல் அதே குரல், டிரம்ஸ் அதே டிரம்ஸ், கேமரா அதே வேகம். 'ஃபார் யுவர் லைஃப்' தொடங்கும்போது மட்டும் எல்லாக் கட்சியும் வாயை மூடிக்கொண்டு கேட்கிறது.